குளிர்காலத்தில் காருக்கு அடியில் விழும் கறை: எது வெறும் தண்ணீர், எது ஆபத்து?

கேள்வி சுருக்கமாக இதுதான்: குளிர்காலம் தொடங்கியதிலிருந்து, இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் நகர்த்தினால் முன்பக்கம் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரக் கறை தெரிகிறது. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. ஒரு நாள் பழுப்பாக இருந்தது, இன்னொரு நாள் நிறமே இல்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, வண்டி வழக்கம்போலத்தான் ஓடுகிறது. இது என்ன திரவம், வண்டியை எடுக்கலாமா?

குளிர்காலத்தில் காருக்கு அடியில் தெரியும் ஈரம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனால் அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாத திரவங்கள் மூன்று உண்டு: பெட்ரோல், பிரேக் ஆயில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்). முதல் இரண்டும் ஓட்டுபவரின் உயிரோடு சம்பந்தப்பட்டவை. மூன்றாவது இன்ஜினைக் கெடுக்கும். தரையில் கிடப்பதை நக்கும் நாய்க்கும் பூனைக்கும் எமனாகும். இந்த மூன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் மற்றவற்றை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஓர் அட்டைப்பெட்டி, கொஞ்சம் வெள்ளைக் காகிதம், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், ஒரு நல்ல டார்ச், கையுறை ஆகியவை போதும்.

எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கூலன்ட் இன்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள் என்று எல்லா நிறத்திலும் வருகிறது. கண்ணாடி கழுவும் திரவம் பெரும்பாலும் நீலம், ஆனால் பச்சையும் இளஞ்சிவப்பும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் புதிதாக இருக்கும்போது சிவப்பு. பல பவர் ஸ்டியரிங் ஆயில்களும் அதே சிவப்பு. ஆக, தரையில் இளஞ்சிவப்பாக ஒரு துளியைக் கண்டால் அது குறைந்தது நான்கில் ஒன்றாக இருக்கலாம். போதாததற்குக் குளிர்காலத்துச் சாலையின் மண், உப்பு, கரி எல்லாம் அதில் கலந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வந்தவர்கள் தேவையில்லாமல் பயந்ததையும் பார்த்திருக்கிறேன், பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

குளிர்காலத்தில் நிறத்தைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது: குளிரேதான். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய இரவுக்குப் பிறகு அந்தக் கறையைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் தேங்கிய நீரெல்லாம் கெட்டிப்பட்டிருக்க, காருக்கு அடியில் இருப்பது மட்டும் இன்னும் திரவமாகவே இருக்கிறதென்றால் அது வெறும் தண்ணீர் அல்ல. கெட்டியாகி, நகத்தால் சுரண்டினால் தெளிவான பனிக்கட்டித் துணுக்காக வந்தால் தண்ணீர். கோடையில் இப்படி ஒரு சோதனை செய்யவே முடியாது. அந்த வகையில் குளிர்காலம் உங்களுக்கு உதவியே செய்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பு தூவும் இடங்களில், சக்கர வளைவுகளில் ஒட்டிக்கொண்டு வரும் சேற்றுப்பனி உப்புக் கரைசலாகத்தான் சொட்டும். உப்பு கரைந்த நீர் பூஜ்யத்தில் உறையாது. மிக அடர்த்தியான கரைசல் என்றால் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரைகூடத் திரவமாக நிற்கும். எனவே உறையவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கூலன்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஈரத்தைக் கொஞ்சம் வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி, வீட்டுக்குள் எடுத்து வந்து காயவையுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் காகிதம் நன்றாகக் காய்ந்து, வெள்ளையாகப் பொடி பூக்கும், மண் துகள் ஒட்டியிருக்கும். கூலன்ட் எளிதில் காயாது. மறுநாளும் அந்த இடம் லேசாகப் பிசுபிசுக்கும், ஓரத்தில் சாயம் தங்கியிருக்கும்.

சேற்றுப்பனி தவிர, குளிர்காலத்தில் ஒரு காரிலிருந்து நல்ல தண்ணீர் சொட்ட வேறு வழிகளும் இருக்கின்றன. இவற்றில் பலருக்கும் வியப்பாக இருப்பது சைலன்சர். பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. வெயில் காலத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் போய்விடும். குளிரில், புகைக்குழாய் முழுவதும் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால், அந்த நீராவி குழாயின் உட்சுவரிலேயே குளிர்ந்து தேங்கும். பல சைலன்சர்களில் இந்த நீர் வடிவதற்கென்றே அடியில் ஊசித்துளை ஒன்று விட்டிருப்பார்கள். அங்கிருந்தும், குழாய் இணைப்புகளிலிருந்தும், பின்முனையிலிருந்தும் சொட்டும் நீர் கரியோடு சேர்ந்து கறுப்பாக இருப்பதால் ஆயில் என்று பலர் பதறுகிறார்கள். விரலில் தேய்த்துப் பாருங்கள்: ஆயில் வழுக்கும், இது வழுக்காது, கரி மட்டும் ஒட்டும். பக்கத்துக் கடை வரை போய்வரும் சிறு ஓட்டங்களுக்கே பயன்படும் வண்டிகளில் இது அதிகம்.

இன்னொன்று ஏசி. குளிர்காலத்தில் ஏசியையே தொடவில்லையே என்பீர்கள். முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கும் பொத்தானை அழுத்தினால், பல கார்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்காக ஏசி கம்ப்ரசரும் தானாகவே ஓடும். கடுங்குளிரில் ஓடாது, மிதமான குளிரில் ஓடும். உறிஞ்சிய ஈரம் டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு குழாய் வழியாகக் கீழே சொட்டும். முன் இருக்கைகளுக்கு நேர் முன்னால் தெளிவான நீர்த்துளிகளைக் கண்டால் அதுதான் காரணம். மின்சாரக் காரில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துக் காரைச் சூடாக்கும் அமைப்பு) இருந்தால், முன்பக்கம் உள்ள வெப்பமாற்றியில் படிந்த உறைபனி உருகியும் நீர் விழும். அது இயல்பு. மின்சாரக் கார் என்பதால் வேறு கசிவே இருக்காது என்றும் எண்ண வேண்டாம். பிரேக் ஆயில், கண்ணாடி கழுவும் திரவம், கியர் ஆயில் அதிலும் உண்டு. பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் பெரும்பாலான மாடல்களில் உண்டு.

இனி உங்கள் கறைக்கு வருகிறேன். நீங்கள் தந்த விவரங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது நிறமோ அளவோ அல்ல, ‘சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை’ என்பதுதான். இதற்கு இரண்டு விளக்கங்கள் பொருந்தும். முந்தைய நாள் சாலையில் பனியும் சேறும் இருந்ததால் வண்டி அதைச் சுமந்து வந்து இரவில் சொட்டியிருக்கலாம். சாலை காய்ந்திருந்த நாட்களில் கறை இருக்காது. இது கவலைப்பட வேண்டாத விளக்கம். இரண்டாவது, குளிர் கடுமையாக இருக்கும் இரவுகளில் மட்டும் ஏதோ ஓர் இணைப்பு கசிகிறது, இன்ஜின் சூடானதும் அடைத்துக்கொள்கிறது. இதுதான் தொல்லை பிடித்த விளக்கம். இரண்டையும் பிரிக்க ஒரு வாரத்துக்குக் குறிப்பு எழுதுங்கள்: நேற்று சாலை ஈரமா, காய்ந்ததா, இரவு எவ்வளவு குளிர், காலையில் கறை உண்டா. ஈரச்சாலை நாட்களோடு கறை ஒத்துப்போனால் நிம்மதி. காய்ந்த சாலையில் ஓட்டிவந்த பிறகும், கடுங்குளிர் இரவில் மட்டும் கறை வந்தால் அடுத்த பத்திகளைக் கவனமாகப் படியுங்கள்.

குளிரில் மட்டும் கசிவதற்குக் காரணம் எளியது. ரப்பர் குளிரில் சுருங்கும், இறுகும். அலுமினியமும் இரும்பும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தில் ரப்பர் ஹோஸை மாட்டி ஒரு கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்த அந்த ஹோஸ் தன் மென்மையை இழந்திருக்கும். கோடையில் அது பிரச்சினை தராது. பூஜ்யத்துக்குக் கீழே போன இரவில் ரப்பர் சுருங்கிக் கிளிப்பின் பிடி தளர்ந்து, மயிரிழை இடைவெளி உண்டாகிறது; அதன் வழியே கூலன்ட் துளித்துளியாக வெளியேறுகிறது. காலையில் வண்டியை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் எல்லாம் விரிந்து கசிவு நின்றுவிடும். நீங்கள் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாக இருக்கும், மெக்கானிக் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லையே’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கசிவு உண்மையிலேயே இருக்காது.

அதனால் இத்தகைய கசிவுக்கு வண்டியை முந்தைய மாலையே பட்டறையில் விட்டுவிடுங்கள். கூரைக்குள் அல்ல, வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் அமைப்பில் கைப்பம்பால் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் கருவி எல்லா நல்ல பட்டறைகளிலும் இருக்கும். அதையும் குளிர்ந்த இன்ஜினில்தான் மாட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருடைய வண்டி ஒரு குளிர்காலத்தில் பட்டறைக்குப் போவதும் ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்புவதுமாக இருந்தது. இரவு வெளியே நிறுத்திவைத்துக் காலையில் பார்த்தபோது, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளிப்பிலேயே துளி தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பை மாற்றியதோடு தீர்ந்தது.

நீங்களே பார்ப்பதாக இருந்தால், துளியைவிட அது காய்ந்த தடத்தைத் தேடுவது எளிது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, ஹோஸ் போய் மாட்டும் ஒவ்வொரு கழுத்தையும் பாருங்கள். கூலன்ட் மெதுவாகக் கசிந்த இடத்தில் தண்ணீர் போய், சாயமும் உப்புகளும் தங்கி, கிளிப்பின் கீழ்விளிம்பில் வெளிறிய பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குப் படிந்திருக்கும். சுற்றிலும் உள்ள தூசி சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்க, இந்த ஒரு கோடு மட்டும் தனியாகத் தெரியும். வாட்டர் பம்பின் அடியிலும் பாருங்கள். பல பம்புகளில், உள் சீல் தேய ஆரம்பித்தால் கூலன்ட் வெளியே வந்து எச்சரிக்கை கொடுப்பதற்காகவே சிறு துளை ஒன்று இருக்கும். அதற்குக் கீழே காய்ந்த ஒழுகல் தடம் நீளமாக இறங்கியிருந்தால் பம்பின் ஆயுள் முடியப்போகிறது. தரையில் கறையே இல்லாமல் கூலன்ட் குறைவதும் உண்டு. ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் ஓட்டையானால் திரவம் காருக்குள்ளேயே கசியும்: கால்மிதிக்கு அடியில் ஈரம், இனிப்பான வாடை, முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம்.

அட்டைச் சோதனையைச் சரியாகச் செய்தால் பாதி மர்மம் அதிலேயே விடுபடும். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, வண்டி முழுவதுமாகக் குளிர்ந்த பிறகு, ஒட்டியிருக்கும் சேற்றுப்பனியைத் தட்டிவிட்டு, முன்பகுதிக்கு அடியில் விரியுங்கள். காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். முன்சக்கரங்கள் எங்கே, பம்பர் எங்கே என்று பேனாவால் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், காலையில் வெளியே இழுத்த அட்டையில் எது எங்கே விழுந்தது என்று தெரியாது. தரை சாய்வாக இருந்தால் திரவம் ஓடிப் போயிருக்கும், ஆனால் அட்டை விழுந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் அதன் பலன். தண்ணீர் விழுந்த இடம் காய்ந்தால் அட்டை நெளிந்திருக்குமே தவிர நிறம் தங்காது. ஆயில் விழுந்த இடம் காயவே காயாது. எதிர்வெளிச்சத்தில் பிடித்தால் பளபளப்பான வட்டமாகத் தெரியும்.

துளி விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று ஆயிலைப் பின்பக்கமாகத் தள்ளும். நின்ற பிறகு அது எங்கே தாழ்வான முனை இருக்கிறதோ அங்கே போய்ச் சொட்டும். எனவே துளியிலிருந்து மேல்நோக்கியும் முன்நோக்கியும் ஈரத்தைத் தொடர்ந்து போங்கள். மிக உயரத்தில், மிக முன்னால் ஈரமாக உள்ள இடம்தான் ஊற்று. குனிந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நுழைக்காதீர்கள். உறைந்த தரையில் ஜாக்கி வழுக்குவதற்கு ஒரு கணம் போதும்.

அடுத்தது டம்ளர். கையுறை போட்டுக்கொண்டு ஒரு துளியைக் குச்சியால் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், டீசல் இவை எல்லாம் மேலே மிதந்து படலமாக விரியும். கூலன்ட், கண்ணாடி கழுவும் திரவம், பிரேக் ஆயில் இவை தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். சாதாரணமாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் பெயரில்தான் ஆயில். உண்மையில் அவை தண்ணீரோடு கலக்கும் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தவை. ஆகவே விரலில் வழுவழுப்பாக இருந்து, தண்ணீரில் கரைந்தும் போகிற ஒரு திரவம் சக்கரத்துக்கு அருகில் கிடந்தால் அதை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் திரவத்தையும் நாவில் வைத்துப் பார்க்காதீர்கள். பழைய ஆட்கள் சிலர் இனிப்பாக இருந்தால் கூலன்ட் என்று சொல்லிக்கொடுப்பார்கள், அது நஞ்சு.

பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கிட்டத்தட்ட நிறமற்றது, பழையது பழுப்பு. ஓட்டுநர் காலுக்கு நேர் முன்னால், அல்லது ஏதாவது ஒரு சக்கரத்தின் உட்புறத்தில், டயரின் பக்கச்சுவரில் வழிந்தபடி தெரியும். வண்டியை நகர்த்தாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பிரேக் மிதியை அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனாலோ, பஞ்சுபோல் இருந்தாலோ, அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மிதி உறுதியாக இருந்தாலும் டப்பாவில் அளவு குறைந்திருந்து, சக்கரத்தில் ஈரமும் இருந்தால் இதே விதிதான். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருப்பதற்கு ஷாக் அப்சார்பர் ஆயிலும் காரணமாகலாம். அது தண்ணீரில் மிதக்கும், அவசரமும் குறைவு.

பெட்ரோலுக்குச் சோதனையே தேவையில்லை, மூக்கு போதும். பெரும்பாலும் கறையே தங்காது, ஆவியாகிவிடும்; வாடை மட்டும் நிற்கும். கடுங்குளிரில், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சிறு ரப்பர் வளையங்கள் இறுகி, ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் மட்டும் பெட்ரோல் கசிந்து, சூடேறியதும் நின்றுவிடும். அதனால் ‘காலையில் மட்டும் வாடை, பிறகு இல்லை’ என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடை வந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், மூடிய கொட்டகை என்றால் கதவைத் திறந்து விடுங்கள், தீக்குச்சி சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம், மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். டீசல் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. வழுவழுப்பாக நிற்கும், விரலில் பட்டால் வாடை சோப்புப் போட்டாலும் போகாது.

இன்ஜின் ஆயில் கசிவு அசிங்கமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் அவகாசம் தரும். புதிய ஆயில் தேன் நிறம், ஓடியது கறுப்பு. அண்மையில் ஆயில் மாற்றியிருந்தால் முதலில் ஃபில்டரையும் வடிகால் போல்ட்டையும் சந்தேகியுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவது பட்டறைகளில் நடக்கும் தவறு. குளிரில் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட் செய்தவுடன் அழுத்தம் கூடும். அப்போது இந்த இரட்டை வளையம் பிதுங்கி ஆயில் கொட்டும். ஒரு துளி இரண்டு துளி என்றால் வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) அளவு பார்த்துக்கொண்டு, வசதிப்படும்போது சரிசெய்யலாம். ஒரே இரவில் தட்டளவு தேங்கினால் ஓட்டக் கூடாது. குளிர்காலத்தில் ஆயில் மூடிக்கு அடியில் மோர்போல வெண்மையாகப் படிந்திருப்பதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் (இன்ஜினுக்குள் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதென்று பலர் பயப்படுகிறார்கள். சிறு ஓட்டங்களில் உள்ளே தங்கிய ஈரம் ஆயிலோடு கலந்தாலும் அப்படித்தான் இருக்கும். டிப் ஸ்டிக்கிலும் அதே வெண்மை தெரிந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் பயப்பட வேண்டும்.

வண்டியின் நடுப்பகுதிக்கு அடியில் சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ வழுவழுப்பான கறை என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். இதைத் தள்ளிப்போட வேண்டாம். அளவு குறைந்தபடி ஓட்டினால் கியர்பாக்ஸே போய்விடும். முன்பக்கம் சிவப்புக் கறை, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகல் ஒலி இரண்டும் சேர்ந்தால் பவர் ஸ்டியரிங். மின்சாரத்தால் இயங்கும் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் இந்த ஆயிலே இருக்காது. பின் அச்சுக்கு அடியில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டியின் (டிஃபரென்ஷியல்) ஆயில்.

குளிர்காலத்துக்கே உரிய சில போலிக் கறைகளும் உண்டு. துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பகுதியில் எண்ணெய் தெளித்திருந்தால், அது பல நாட்கள் பல இடங்களிலிருந்து சொட்டும். கதவின் அடிவிளிம்பில்கூடச் சொட்டும் என்பதே அதன் அடையாளம். கண்ணாடி கழுவும் டப்பாவில் கோடையில் ஊற்றிய வெறும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து டப்பாவையே பிளந்துவிடும். பிறகு நீங்கள் குளிர்காலத் திரவத்தை ஊற்ற ஊற்ற அது முன்சக்கரத்தருகே கொட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிட் வாடையும் தண்ணீர்போன்ற நீர்மையும் அதைக் காட்டிக்கொடுக்கும். டீசல் வண்டியில் டேங்க் மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகங்கள் தெரிந்தால் அது டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ, தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா கரைத்த திரவம், மைனஸ் 11 டிகிரியில் உறையும். ஊற்றும்போது சிந்தியதாக இருந்தால் தண்ணீரால் கழுவினால் போதும்.

அட்டை, டம்ளர் எல்லாவற்றுக்கும் மேலாக நான் நம்புவது அளவைத்தான். வண்டி சமதளத்தில், முழுக்கக் குளிர்ந்த நிலையில் நிற்கும்போது கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில் டப்பா, கண்ணாடி கழுவும் டப்பா மூன்றிலும் இப்போதுள்ள மட்டத்தில் சிறு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, அதே நேரத்தில், அதே இடத்தில் பாருங்கள். தரையில் எத்தனை கறை இருந்தாலும் எந்த மட்டமும் இறங்கவில்லை, டிப் ஸ்டிக்கிலும் மாற்றமில்லை, வாடையும் இல்லை என்றால் விழுவது பெரும்பாலும் வெறும் நீர்தான். உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, பழுப்பாகவும் நிறமில்லாமலும் மாறி மாறி வருவதால் சேற்றுப்பனி உருகிச் சொட்டுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கறை முன்பக்கம் இருப்பதால், கூலன்ட் மட்டத்தைப் பார்க்காமல் அந்த முடிவை உறுதியாக்க மாட்டேன்.

கூலன்ட்தான் என்று தெரிந்துவிட்டால் முதல் வேலை தரையைத் துடைப்பது, பட்டறைக்குப் போவது அடுத்துதான். பெரும்பாலான கூலன்ட்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. குளிர்காலத்தில் மற்ற நீரெல்லாம் உறைந்துகிடக்க, இது மட்டும் திரவமாகத் தேங்கி நிற்பதால் விலங்குகள் தேடி வந்து குடிக்கும். ஒரு பூனைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூனே உயிரைப் பறிக்கும். முதலில் போதையேறியதுபோல் தள்ளாடும், சில மணி நேரம் கழித்துத் தேறியதுபோலக்கூடத் தெரியும், அதன் பிறகு சிறுநீரகம் செயலிழக்கும். முறிமருந்து உண்டு, ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். எனவே நக்கியதைப் பார்த்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். குழந்தைகளுக்கும் இதே ஆபத்துதான். சிந்தியதன் மேல் மணலோ மரத்தூளோ கொட்டி உறிஞ்சவிட்டு, அள்ளிப் பையில் கட்டி, அபாயக் கழிவாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்தெடுங்கள். சாக்கடையில் தள்ளிவிட வேண்டாம்.

பழுது பார்க்கும் வரை ஓரிரு நாள் சமாளிக்க வேண்டுமானால், இன்ஜின் முழுவதுமாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து, வண்டியின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டை உரிய கலவையில் ஊற்றுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் கலவை நீர்த்து, ஒரு கடுங்குளிர் இரவில் இன்ஜின் பிளாக்கே வெடிக்கும். தண்ணீரே சேர்க்காத சுத்தக் கூலன்ட்டும் சரியல்ல. எத்திலீன் கிளைக்கால் தனியாக ஏறத்தாழ மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். ஊற்றிய அளவையும் தேதியையும் எழுதி வைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்தே ஹோஸா, பம்பா, கேஸ்கட்டா என்று எங்கே தொடங்குவது என அவர் முடிவு செய்வார்.